வடசென்னையில் வாடகை வீடு: அட்வான்ஸை எப்படிக் கொடுப்பது, எப்படித் திரும்ப வாங்குவது

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்து வருகிறவர், மணலியில் வேலை கிடைத்து வருகிறவர், கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்க்கிறவர், யாராக இருந்தாலும் வடசென்னையில் டு-லெட் போர்டைப் பார்த்து முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்றுதான். அதில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். அதே ஆள் "அட்வான்ஸ் பத்து மாசம்" என்றதும் தலையாட்டிவிட்டு, நகையை அடகு வைத்தாவது எண்ணிக் கொடுத்துவிடுவார். அதுவும் ரொக்கமாக, கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாமல். வாடகை நீங்கள் அந்த வீட்டில் இருந்ததற்குக் கொடுத்த காசு, போனால் போனதுதான். அட்வான்ஸ் உங்கள் பணம், இன்னொருத்தர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்ப வாங்கும் வேலை காலி பண்ணும் நாளில் தொடங்குவதில்லை, வீடு பார்க்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் சட்டம். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இரண்டு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதுவரை இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனால் ரத்தாகிவிட்டது. அந்தப் பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றே இருந்தது. அது இருந்த காலத்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கமும் சென்னையில் ஊறிப்போனது என்பதைக் கவனியுங்கள். சட்டத்தில் எழுதியிருப்பது தானாக வீட்டுக்காரர் வாசல்வரை வந்து சேராது.

புதிய சட்டத்தில் அட்வான்ஸைப் பற்றிச் சொல்வது 11ஆவது பிரிவு. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மாத வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் காப்புத்தொகை வாங்குவது சட்டப்படி தவறு. இரண்டு, நீங்கள் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வாடகை 9,000 என்றால் அட்வான்ஸ் 27,000. தெருவில் கேட்பது 90,000.

சரி, மூணு மாசம்தான் சட்டம் என்று சண்டை போடக் கிளம்பும் முன் அந்தப் பிரிவின் தொடக்கத்தையும் படித்துவிடுங்கள். "இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்ற பொருளில்தான் அது ஆரம்பிக்கிறது. அதாவது பத்து மாதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் மூன்று மாதக் கணக்கைக் காட்டி மீதியைக் கேட்பது கஷ்டம். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் வாடகைக்காரருக்குப் பாதகமான வரி இதுதான். ஆனால் பேரம் பேசும்போது இது உதவும். கையெழுத்துக்கு முன்னால் மூன்று மாதம் என்பது சட்டம் சொல்லும் அளவு, அதைத் தாண்டுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "இனிமேல் ரெண்டு மாச அட்வான்ஸ்தான், மத்திய அரசு சட்டம் போட்டுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அது 2021இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம். குடியிருப்புக்கு இரண்டு மாதம், மற்ற கட்டடங்களுக்கு ஆறு மாதம் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றுவதற்கான ஒரு மாதிரிதான். நமக்குச் செல்லுபடியாவது தமிழ்நாட்டுச் சட்டம். வீட்டுக்காரரிடம் போய் இரண்டு மாதம் என்று வாதாடினால், விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் சிரித்துவிடுவார்.

இந்தச் சட்டம் எந்த வீட்டுக்கு இல்லை

வடசென்னையில் இதைக் கேட்காமல் இருக்கவே முடியாது. கோயிலுக்குச் சொந்தமான கட்டடம், வக்பு இடம், துறைமுகக் குவார்ட்டர்ஸ், அரசு குடியிருப்பு வாரியம் ஒதுக்கிய வீடு என்று நம் பக்கத்தில் ஏராளம். அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள், வேலையோடு சேர்த்து நிறுவனம் கொடுக்கும் குடியிருப்புகள், அறிவிக்கப்பட்ட சமய, அறநிலையங்களின் கட்டடங்கள் ஆகியவை இந்தச் சட்டத்துக்கு வெளியே. வாரிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் இன்னொருவருக்கு வாடகைக்கு விடவே கூடாது. ஆனால் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் அப்படி விடுகிறவர்கள் இருக்கிறார்கள், வாடகையும் கம்மியாக இருக்கும். அந்த வீட்டுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நாளைக்குப் பிரச்சினை என்றால், ஒதுக்கீடே அவர் பெயரில் இருக்கும்போது நீங்கள் எந்த அலுவலகத்தில் போய் நிற்பீர்கள்? கம்மி வாடகை தேவைதான் என்றால் போங்கள், ஆனால் அட்வான்ஸை ஒரு மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும் அன்று

புரோக்கர் சாவியோடு வருவார். பெரும்பாலும் ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். அதுவும் பேரத்துக்கு உட்பட்டதுதான். அவர் "ஓனர் நம்ம ஆளு, ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்பார். நீங்கள் கவலைப்படுங்கள். வீட்டுக்காரர் யார் என்பதைக் காகிதத்தில் பாருங்கள். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது, இந்த இரண்டையும் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகள் பல இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். மூன்று அண்ணன் தம்பிகள், பாகம் பிரியவில்லை, மூத்தவர் வாடகை வாங்குகிறார், சின்னவர் மாடியில் இருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் அட்வான்ஸை வாங்கியவர் நாளைக்கு இல்லாமல் போனால், மற்றவர்கள் "எங்க கையில கொடுத்தியா?" என்று கேட்பார்கள். அதனால் பாகஸ்தர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும். அது முடியவில்லை என்றால் வாடகை வாங்க மற்றவர்கள் இவருக்கு எழுத்தில் கொடுத்த அதிகாரமாவது இருக்கட்டும்.

வீட்டையும் ஒழுங்காகப் பாருங்கள், ஏனென்றால் பிற்பாடு அட்வான்ஸில் கைவைக்கும் விஷயமெல்லாம் சுவரிலும் குழாயிலும்தான் இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரிக் கடல் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கும், சுவரின் கீழ்ப்பாகத்தில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும், கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூரில் தரைத்தள வீடு என்றால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டின் அடையாளமும் பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரியும். எர்ணாவூர் பக்கம் 2023இல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததால் கறுப்புக் கறையே இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் முழங்காலா இடுப்பா என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் வீட்டை வேண்டாம் என்று சொல்வதற்காக மட்டும் இல்லை. நீங்கள் வரும்போதே இருந்த ஓதத்துக்கு, போகும்போது உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது அல்லவா?

டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரமோ ஐயாயிரமோ கேட்பார்கள். கொடுக்கலாம், ஜிபேயில் கொடுங்கள், குறிப்பில் "வீட்டு டோக்கன்" என்று எழுதுங்கள், வீடு அமையவில்லை என்றால் திரும்ப வருமா வராதா என்பதை மெசேஜில் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தமும் பதிவும்

முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு, "பதினோரு மாசம்" என்று எழுதி வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். பதினோரு மாதம் எதற்கு என்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது, அதைத் தவிர்க்கத்தான். பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். சார்பதிவாளர் வேறு, இவர் வேறு. இதற்கென்றே அரசு இணையதளம் இருக்கிறது: டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். வீட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு பேரின் அடையாள விவரங்கள், வீட்டு விவரம், வாடகை, அட்வான்ஸ், ஒப்பந்த நகல் எல்லாம் ஏற்றினால், பதிவு எண் ஒன்று வரும். உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பதிவு செய்யாத ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் கீழ் எந்த உரிமையும் தராது, ஆதாரமாகவும் எடுத்துக்கொள்ளப்படாது. நீங்கள் ஒரு லட்சம் கொடுத்ததாக எழுதிய தாள் உங்கள் கையில் இருந்தும், வழக்கு என்று வரும்போது அது தள்ளாடும். வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். எழுத்து ஒப்பந்தம் போடாமல் விட்டதையே வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டம் வைத்திருக்கிறது என்பதால், "எதுக்குங்க அதெல்லாம்" என்று தட்டிக்கழிக்கிறவர் யாராக இருந்தாலும் தன் தலையிலும் மண்ணைப் போட்டுக்கொள்கிறார்.

வீட்டுக்காரர்கள் பதிவுக்குத் தயங்குவது பெரும்பாலும் வருமானவரிக் கணக்கு வந்துவிடும் என்ற பயத்தில்தான். நேராகக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் அதற்கேற்ப அட்வான்ஸைக் குறைத்துப் பேசுங்கள். பதிவும் கிடையாது, பத்து மாதமும் வேண்டும் என்றால் வேறு வீடு பாருங்கள், திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர்வரை வீட்டுக்கா பஞ்சம்?

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றி என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், தொகை எண்ணிலும் எழுத்திலும், எந்தத் தேதியில் எந்த வழியாகக் கொடுத்தது, வங்கிப் பரிவர்த்தனை எண், காலி செய்து எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் கழிக்கலாம், காலி பண்ண எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், இவ்வளவும் இருந்தால் போதும். "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்று ஒரு வரி நைசாக உள்ளே இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்திருக்கிறது: கட்டடத்தின் பெரிய ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு, கண்ணாடி, அடைத்துக்கொண்ட வடிகால், இந்தச் சில்லறை வேலைகள் வாடகைக்காரர் பக்கம். அட்டவணையே வெள்ளையடிப்பை வீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கும்போது அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், மூன்று வருடம் இருந்தால் கழிப்பதில்லை, அல்லது பாதி மட்டும் என்றாவது மாற்றுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வீட்டுக்காரர் கணக்குக்கு. அவர் மச்சான் கணக்குக்கோ புரோக்கர் கணக்குக்கோ வேண்டாம். ரொக்கம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், கையெழுத்தோடு ரசீது. அதில் "வாடகை முன்பணம்" என்று மட்டும் எழுதாமல் "திருப்பித் தரக்கூடிய காப்புத்தொகை" என்று எழுதி வாங்குங்கள்.

குடிபோகும் அன்று, சாமான் ஏற்றும் முன்

பால் காய்ச்சும் முன்னாலேயே போனை எடுத்து வீடியோ எடுத்துவிடுங்கள். வாசல் கதவில் தொடங்கி, ஒவ்வொரு சுவரும், கூரையும், சமையல் மேடையும், பாத்ரூம் டைல்ஸும், வாஷ் பேசினும், ஃபேனும், ஒவ்வொரு சுவிட்சும் போட்டு எரிவதும், எல்லாம். மின் மீட்டர் ரீடிங்கைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் "ஹாலில் ஜன்னல் பக்கச் சுவர் உப்புப் பூத்திருக்கிறது, பாத்ரூமில் இரண்டு டைல்ஸ் விரிசல், பின்கதவுத் தாழ்ப்பாள் இல்லை" என்கிற மாதிரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் அருமை. அது சங்கடமாக இருந்தால் அதே வீடியோவையும் போட்டோக்களையும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். "அண்ணா, இன்னிக்கு வீடு இந்த நிலையில இருக்கு, ஒரு தகவலுக்கு" என்று இரண்டு வரி. தேதியோடு அங்கேயே கிடக்கும். வருடங்கள் கழித்து அட்வான்ஸில் எட்டாயிரத்தைக் காப்பாற்றுவது இந்த இரண்டு வரியாகத்தான் இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் கவனம். நம் பக்கத்தில் ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடும், உங்களுக்கு ஒரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்கள் கணக்கில் வரவே வராது. அதைப் பேசி ஜெயிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் யூனிட் ரேட்டை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் கடைசியில் "ஈபி பாக்கி" என்று ஒரு தொகை எங்கிருந்தோ முளைக்கும்.

இருக்கும் காலத்தில்

வாடகைக்கு ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வங்கி வழியாகப் போனால் தனியாகக் கேட்க வேண்டியதுகூட இல்லை. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தவும் வழி இருக்கிறது, அதனால் "வாங்க மாட்டேங்கிறார்" என்று சும்மா இருந்து பாக்கியை ஏற்றிக்கொள்ளாதீர்கள். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது இதெல்லாம் சட்டம் தடுத்திருக்கும் காரியங்கள். வாடகைத் தகராறு இருந்தாலும் செய்யக் கூடாது, செய்தால் இந்தச் சட்டத்தின் கீழேயே முறையிடலாம்.

நடுவில் வீடு கைமாறினால் மட்டும் உடனே சுதாரியுங்கள். பழைய வீட்டுக்காரர் "அட்வான்ஸைப் புது ஓனர்கிட்ட கொடுத்துட்டேன்" என்பார், புது ஆள் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். விற்பனை நடக்கும் நேரத்திலேயே மூன்று பேரும் சேர்ந்து, அட்வான்ஸ் இவ்வளவு, இனி இவர் பொறுப்பு என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புது வீட்டுக்காரருக்கு முதல் மாத வாடகை அனுப்பும் முன் இதை முடிப்பது நல்லது.

லீசுக்கு வீடு: தனியாகச் சொல்ல வேண்டியது

கொடுங்கையூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எங்கே போனாலும் "லீசுக்கு விடப்படும்" என்று ஒட்டியிருக்கும். மாதவாடகை கிடையாது. நாலு லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் இருக்கலாம், போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும். போக்கியம் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நல்லபடியாக முடிந்த குடும்பங்களும் நிறைய. ஆனால் இங்கே மாட்டும் தொகை இரண்டு மூன்று மாத வாடகை இல்லை, ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. ஆகவே எச்சரிக்கையும் அந்த அளவுக்கு வேண்டும்.

மோசடி நடக்கும் விதம் எளிது. ஒருவர் உண்மையான வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார், அதைத் தன் வீடு போலவோ நிர்வாகம் செய்கிறவர் போலவோ உங்களுக்கு லீசுக்கு விடுவார், சில மாதம் வீட்டுக்காரருக்கு வாடகை கட்டுவார், அப்புறம் ஆளைக் காணோம். ஒருநாள் உண்மையான வீட்டுக்காரர் கதவைத் தட்டி "வாடகை எங்கே?" என்று கேட்கும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். இன்னொரு விதத்தில் வீட்டுக்காரர் உண்மையானவர்தான், ஆனால் வீடு பேங்க் கடனில் இருக்கிறது. கடன் கட்டாமல் பேங்க் வீட்டை எடுத்துக்கொண்டால் உங்கள் ஆறு லட்சம் நடுத்தெருவில் நிற்கும்.

அதனால் லீஸ் என்றால், சொத்தின் மேல் விற்பனை, கடன் என்று என்னென்ன பதிவாகியிருக்கிறது எனக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சொத்து விவரத்தைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம். பத்திரத்தைப் பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று பதிவாகியிருக்கும். வில்லங்கத்தில் இருக்கும் பெயரும் உங்களிடம் பேசுகிற ஆளின் ஆதாரும் ஒன்றா என்று பாருங்கள். வாடகைக்காரர் மூலமாகவோ "கம்பெனி" மூலமாகவோ லீஸ் வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் செலவு ஆகும்தான், ஆறு லட்சத்துக்கு முன்னால் அது ஒன்றும் பெரிதில்லை. இன்னொன்று, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. "ஒயிட்ல வேணாம், கேஷா கொடுங்க" என்கிறவரிடமிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

காலி பண்ணும்போது

ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அதன்படி எழுத்தில் சொல்லுங்கள். படியிறங்கும்போது வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. இப்படி ஒரு மெசேஜ் போதும்:

"ஐயா, ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்கிறேன். வரும் 31ஆம் தேதி மாடி போர்ஷனைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். நான் கொடுத்த காப்புத்தொகை ரூ. 90,000. பாக்கி ஏதேனும் இருந்தால் பில்லோடு தெரியப்படுத்தவும். மீதியைச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று இருந்துவிடுவது இங்கே பரவலான தந்திரம். வீட்டுக்காரர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் பரவாயில்லை. அவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்களாகச் செய்தால் அது வாடகை பாக்கி. இரண்டு மாத வாடகை பாக்கி வைப்பது வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வீட்டுக்காரர் ஏற்கெனவே வேறு இரண்டு பேருக்குப் பணத்தை இழுத்தடித்தவர் என்று தெருவே சொன்னால், "கடைசி மாதங்களைக் கழித்துக்கொள்ளலாமா?" என்று முன்கூட்டியே பேசி, மெசேஜில் சரி என்று வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

சாவி கொடுக்கும் அன்று, குடிவந்த முதல் நாளில் எடுத்த மாதிரியே வீடியோ. மீட்டர் போட்டோ. கரண்ட் பில் கட்டிய ரசீது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, குறை என்ன என்று அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். கழிப்புக் கணக்கு வந்தால் வரிவரியாகப் பாருங்கள். கரண்ட் பாக்கி 1,260, நீங்கள் உடைத்த வாஷ் பேசின் 2,500, இது நியாயம், கொடுத்துவிடுங்கள். பெயின்டிங் 9,000, ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அட்டவணைப்படி அவர் வேலை. "சுவர் ஓதம் 6,000", முதல் நாள் வாட்ஸ்அப்பைக் காட்டுங்கள். கடல்காற்று தின்ற ஜன்னல் கம்பிக்கும், ஐந்து வருடம் புழங்கியதில் மங்கிய தரைக்கும் காசு கிடையாது. புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானம் சேதம் ஆகாது. எதைக் கழித்தாலும் பில் கேளுங்கள்.

"அடுத்த ஆள் வந்ததும் அவங்க அட்வான்ஸை வாங்கித் தர்றேன்" என்பதுதான் எல்லோரும் கேட்கும் பதில். வீட்டுக்காரர் பக்கமும் பார்ப்போம். வடசென்னையில் வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு போர்ஷன், இரண்டு போர்ஷன் வைத்திருக்கும் குடும்பங்கள். உங்கள் அட்வான்ஸ் அவர்கள் மகள் கல்யாணத்திலோ மாடி எழுப்பியதிலோ என்றோ கரைந்திருக்கும். கெட்ட எண்ணம் இல்லை, கையில் காசு இல்லை. ஆனாலும் சட்டம் அடுத்த ஆள் வரும்வரை என்று சொல்லவில்லை, ஒரு மாதம் என்று சொல்கிறது. இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்கு: மூன்று மாத அட்வான்ஸ் வாங்கி வங்கியில் ஒரு டெபாசிட்டில் போட்டு வைத்தால் வட்டியும் உங்களுக்கு, கொடுக்கும் நாளில் ஓட்டமும் இல்லை. பத்து மாதம் வாங்கிச் செலவழிப்பது வட்டியில்லாக் கடன் மாதிரித் தெரியும், திருப்பித் தரும் மாதத்தில்தான் அதன் கனம் புரியும்.

தவணையில் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு. சாவியைக் கொடுக்காமல் பணத்துக்காக வீட்டைப் பூட்டி வைப்பது சிலர் செய்வது. அதில் மாதங்கள் நீண்டால் வாடகையும் உங்கள் மேல் ஏறும், கவனம்.

ஒரு மாதம் தாண்டியும் வரவில்லை என்றால்

முதலில் ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு ஒரு கடிதம்: எப்போது கொடுத்தது, எப்போது காலி செய்தது, 11ஆவது பிரிவு, பதினைந்து நாள் அவகாசம். வக்கீல் நோட்டீஸாகப் போனால் வேகம் கூடும். பாதிப் பிரச்சினை இந்த இடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் தபால்காரர் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் கவருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் போனால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், அது பெரும்பாலும் சரியும்கூட. லீஸ் மோசடி, மிரட்டல், சாமானை வெளியே வீசுவது என்றால் மட்டும் தயங்காமல் போங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வாடகை நீதிமன்றம். சென்னையில் இந்த வழக்குகளைப் பார்ப்பது பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றம். அதன் மேல் முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பதிவு எண் இருந்தால் இங்கே உங்கள் வேலை எளிது. இல்லாதவர்கள் எந்த மன்றத்தில், எந்த வடிவில் கேட்பது என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவெடுங்கள். பணம் கேட்கும் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று வருடக் காலவரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச உதவி கிடைக்கும். வழக்குப் போடும் முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேச ஏற்பாடும் உண்டு. தொலைபேசி உதவி எண் 15100. போகும்போது ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கி விவரம், இரண்டு வீடியோ, வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட், தபால் ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள், ஜெராக்ஸ் இரண்டு செட்.